பிளம்பர் கழுத்தும் மச்சான் வைத்தியமும்

ஆபரேஷனில் பிளம்பருக்குப் பேச்சே போய்விட்டதாம். எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். நான் ஆறு பேருக்குச் சொன்னேன். ஆனால் நடந்தது வேறு. அதைச் சொல்லுமுன் ஒரு தினுசு மனிதரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

நோயாளிக்குத் துணைக்கு வரும் 'டாக்டர்'. படிப்பு எட்டாவதாக இருக்கலாம், வியாபாரம் தலையணை உறையாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் ஆளுக்கு நடையே மாறிவிடும். ஸ்கேன் படத்தைப் பிடுங்கி, ட்யூப்லைட்டுக்கு நேரே தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, "ம்ம்..." என்பார், நர்ஸிடம் பிரஷர் எவ்வளவு என்று கேட்டு, எந்த எண்ணைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார், பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரையையும் மாற்றச் சொல்வார். அவரைக் கேட்டாரா யாராவது?

நம் பிளம்பருக்கு வாய்த்தவர், அவர் மனைவியின் அண்ணன்.

ஒருநாள் வேலை நடுவில் பிளம்பர் கையிலிருந்து ஸ்பானர் தானாக நழுவியது. அரை மணி நேரம் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர்.

"அதுலேருந்து ஒரு துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போயிருக்கு. அடுத்தது பெருசாப் போனா பக்கவாதம். திறந்து சுத்தம் பண்ணிடலாம். ஆனா பண்ணும்போதே துணுக்கு பிய்யவும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு."

"தெரியும் சார்," என்றார் பிளம்பர். "பழைய பைப்பைத் தட்டினா துரு போய்க் குழாய் வாயை அடைச்சுக்கும். ரெண்டு பக்கமும் மூடிட்டுத்தானே கை வெப்பீங்க?"

"அதேதான்."

மச்சான் செருமினார். "எதுக்கு சார் கத்தி? எண்ணெய் வெச்சு நாலு நாள் அழுத்தி நீவினா கரைஞ்சுடாது?" சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் கழுத்தில் கட்டைவிரலை வைத்தும்விட்டார்.

"அண்ணே! கையை எடு!"

தங்கை போட்ட சத்தத்தில் டாக்டரே இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

ஆபரேஷனில் முழு மயக்கம் கிடையாது. கழுத்து மட்டும் மரத்திருக்கும். நோயாளி கையில் ஒரு ரப்பர் வாத்து. டாக்டர் சொல்லும்போதெல்லாம் அமுக்க வேண்டும். 'கீச்' என்றால் மூளைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம்.

மச்சான் கதவில் காதை ஒட்டிக்கொண்டு வர்ணனை நடத்தினார். "கீச்... நல்லாருக்காரு. கீச்... இது கொஞ்சம் வீக்கு." பதினேழாவது கீச்சுக்குப் பிறகு சத்தமே இல்லை.

"போச்சு! துணுக்கு ஏறிடுச்சு!"

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அவளைத் தூக்கவில்லை, போனைத் தூக்கினார். சித்தப்பா முதல் பால்காரர் வரை அத்தனை பேருக்கும், மாப்பிள்ளைக்குப் பேச்சு போன செய்தி போய்ச் சேர்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுதும்மா. ஸ்பானர் பிடிச்ச கையாச்சே, அமுக்கின அமுக்குல வாத்தோட விசிலே தெறிச்சுப் போச்சு. சரி, பேசிக்கிட்டே இருங்கன்னு சொன்னோம். மனுஷன் நிறுத்தவே இல்ல." பிறகு மச்சானை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் உங்களைப் பத்தித்தான்."

சிரிக்காதீர்கள். போன தடவை ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போனீர்களே, அவர் ஸ்கேன் படத்தை நீங்களும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்களா, இல்லையா? "ம்ம்" என்றீர்களா, இல்லையா?

மச்சான் அசருகிற ஆளா? வார்டுக்குள் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "மாப்ளே, டாக்டர் என்னமோ மழுப்புறாரு. நான் வந்ததுலேருந்து நீ வாயே திறக்கலியே. எங்க, 'அ' சொல்லு பாப்போம்."

பிளம்பர் மெதுவாகத் திரும்பினார்.

"பேச்செல்லாம் போகல மச்சான். உன்கூடப் பேச இஷ்டமில்ல."