கியூபெக் சேனலும் என் பிரெஞ்சும்

சும்மா உட்காரத் தெரியாதவர்களைத்தான் பாதிச் சிக்கல்கள் தேடிவரும். மீட்டிங்கில் கால் ஆட்டுவது, பேனாவைத் தட்டுவது, யாரும் நம்மைக் கேட்காத கேள்விக்குக் கை தூக்குவது எல்லாம் ஒரே வியாதிதான். எனக்கு அது பிறவியிலேயே உண்டு.

2006 வாக்கில் டெக்சாஸில், இர்விங்கில் இருந்தோம். டிவியில் அடுத்து என்ன நிகழ்ச்சி என்று திரையில் காட்டுகிற மென்பொருள் தயாரிக்கும் சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. ஒருநாள் மேனேஜர் ஸ்டீவ், கனடாவின் கியூபெக்கிலிருந்து ஒரு பிரெஞ்சு சேனல்காரர்கள் வரப்போவதாகச் சொன்னார். விண்வெளிக் கதைகளும் தொழில்நுட்பமும் மட்டுமே காட்டும் சேனல். அந்த ஒப்பந்தம் கிடைத்தால்தான் என் கிரீன் கார்டு விஷயம் நகரும் என்பது நிலவரம்.

"அவர்கள் சேனலின் வரலாற்றை அவர்கள் மொழியிலேயே சொல்லி வரவேற்கலாம். யாருக்காவது பிரெஞ்சு தெரியுமா?" என்றார்.

என் கை தானாக மேலே போய்விட்டது. (பிளஸ் டூவில் நான் பிரெஞ்சு. சென்னையில் அதை எடுப்பது மார்க்குக்காக. எங்கள் வகுப்பில் யாரும் வாய் திறந்து அதைப் பேசியதில்லை, வாத்தியார் உட்பட.)

அந்த வாரம் முழுக்க காகிதமும் கையுமாக அபார்ட்மெண்டுக்குள் நடந்தேன். சமையலறையிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து பாத்ரூம்.

"என்னங்க, ஒரு இடத்துல உக்காந்து படிங்களேன். கீழ் வீட்டுக்காரர் மறுபடி கம்ப்ளெயின்ட் பண்ணப்போறாரு" என்றாள் மனைவி ஃபாத்திமா.

"உக்காந்தா மறந்துடுது."

"நடந்தா மட்டும் ஞாபகம் இருக்கா?"

சேனலுக்கு அகராதியில் ஒரு சொல் இருந்தது. நடுவில் ஓர் 'ஐ' எழுத்து, தலையில் தொப்பியோடு. தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறவரை எப்படி ஒதுக்குவது? மரியாதையாக அழுத்தம் கொடுத்து 'ஷியென்' என்று பழகினேன். பிரெஞ்சில் அந்தச் சொல் பெண்பால் என்பதால் சேனலை 'அவள்' என்றே எழுதிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. மேடம் ஒருவர், உடன் இரண்டு இளைஞர்கள். நான் எழுந்து, மேஜையைச் சுற்றி நடந்தபடியே பேசினேன்.

"உங்கள் ஷியென் பிறந்தபோது மிகச் சிறியவள். ஆரம்பத்தில் மற்றவர்களின் பழைய சரக்கை வைத்தே வாழ்ந்தாள்."

ஒரு இளைஞன் தண்ணீர் குடித்தான். புரையேறியது.

"பிறகு வெளியார் உதவியோடு தானே பெற்றெடுக்க ஆரம்பித்தாள். இன்று கியூபெக்கில் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிறாள். ஆண்கள் ராத்திரியெல்லாம் தூங்காமல் அவளையே பார்க்கிறார்கள்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். உற்சாகம் தாங்காமல் இன்னொரு சுற்று நடந்து, கையை உயர்த்தி, "உங்கள் ஷியென் நீடூழி வாழ்க!" என்று முடித்தேன்.

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில், "எங்கள் சேனலைப் பற்றி இவ்வளவு பாசமாக யாரும் பேசியதில்லை. ஆனால் சேனலுக்கு 'ஷென்' என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னது பெண் நாய்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக அசையாமல் உட்கார்ந்தேன். ஸ்டீவ் என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீன் கார்டு கியூபெக்குக்கே பறந்துபோவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் ஃபாத்திமா ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அல்லாவே! ராத்திரியெல்லாம் அவளையே பாக்குறாங்களா?"

ஒப்பந்தம் எப்படியோ கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: பிரெஞ்சு வாசகங்களை அவர்களே எழுதிக்கொள்வார்கள். என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். கிரீன் கார்டும் மெதுவாக வந்து சேர்ந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் "சேனலை மாத்து" என்று சொல்வதில்லை. "இந்த நாய் போரடிக்குது, வேற நாய் வைங்க" என்பாள் ஃபாத்திமா, விருந்தாளிகள் முன்னாலேயே. மகள் ஹைஸ்கூலில் ஸ்பானிஷ் எடுத்தாள். "பிரெஞ்சு எடுத்தா நான் ஹெல்ப் பண்ணியிருப்பேனேம்மா" என்றேன்.

"தட்ஸ் ஒய், அத்தா" என்றாள்.