இத்தாலி வண்டி பாரூர் போன கதை

ஆஞ்சப்பன் ஒரு இத்தாலி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான் என்று ஓசூரில் சொல்வார்கள். சும்மா சொல்வது. அந்த மோட்டார் சைக்கிள்தான் ஆஞ்சப்பனை வைத்திருந்தது.

பெங்களூர்ப் பணக்காரப் பையன் ஒருத்தன் வெறுத்துப்போய்த் தள்ளிவிட்ட வண்டி. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற இந்த மகராசன் அதை ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டான். ஓசூர்க் குளிர் ஆகாது என்று வண்டிக்குக் கம்பளி போர்த்துவான். பெண்டாட்டி மாதேஸ்வரி பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு படுப்பாள். நம்ம பக்கத்துப் பெட்ரோல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய் நிரப்பி வருவான். வீடு வந்து சேர்வதற்குள் பாதி தீர்ந்திருக்கும். ஒரு நட்டு கழன்றால் ஊரில் இருக்கிற ஸ்பேனர் ஒன்றும் சேராது. மழை பெய்தால் வண்டி கிளம்பாது. வெயில் அடித்தால் கிளம்பும், பாதி வழியில் நின்று யோசிக்கும்.

போன வருஷம் அப்படித்தான் மாமியார் ஊரான பாரூரில் ஏரிக்கரை மேலே நின்று யோசித்தது. மச்சான் கங்கப்பன் கரும்பு டிராக்டரில் கயிறு கட்டி, ஊர் பார்க்க இழுத்து வந்தான். அன்றிலிருந்து பாரூர் இருக்கிற திசைக்கே ஆஞ்சப்பன் தலை வைத்துப் படுப்பதில்லை.

இப்போது அதே கங்கப்பன் புது வீடு கட்டி, ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் வைத்துவிட்டான்.

அதே ஞாயிறு பெங்களூரிலிருந்து வெளிநாட்டு வண்டிக்காரர்கள் பத்துப் பேர் ஒகேனக்கல் போகிறார்கள். வழியில் ஓசூர் எல்லையில் ஜூஜுவாடியில் நிற்பார்களாம். முதல் தடவையாக ஆஞ்சப்பனையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்தத் தடவை போகாவிட்டால் அப்புறம் எவன் கூப்பிடுவான்?

மாதேஸ்வரி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அண்ணன் வீட்டு விசேஷம். நான் ஒத்தையாப் போய் நின்னா ஊரே கேக்கும். நீங்க வரணும் மாமா."

"வராம? வண்டியிலயே ஜம்முனு போயிடலாம்" என்றான் ஆஞ்சப்பன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பூ வாங்கப் போன நேரம் பார்த்து வண்டியின் பிளக்கைக் கழற்றினான். பிளக் இல்லாமல் என்ஜின் பற்றாது, அந்த வண்டிக்கு வேறு பிளக்கும் சேராது. காலையில் நாலு உதை உதைப்பது, நெற்றியைத் துடைப்பது, அவளை பஸ் ஏற்றிவிடுவது, பிளக்கை மாட்டிக்கொண்டு ஜூஜுவாடிக்குப் பறப்பது. இதுதான் திட்டம். பிளக்கை ஒளித்து வைக்க இடம் தேடினான். தன் டிபன் கேரியரின் கடைசி அடுக்கில் போட்டு மூடினான். ஷிஃப்டுக்குப் போனால்தானே கேரியரைத் தொடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் லீவுதானே என்று கணக்கு.

ஊருக்குக் கிளம்புகிற வீட்டில் கட்டுச்சோறு கட்டுவார்கள் என்கிற நினைப்பே அந்த மண்டையில் இல்லை. இருந்திருந்தால் இத்தாலி வண்டி வாங்குவானா?

காலையில் உதைத்தான். நாலு உதை என்று திட்டம், பத்து உதைத்தான். நடிப்பில் அவ்வளவு ருசி. "பாழாப்போன பனி. என்ஜின் இறுகிப்போச்சு மாதேசு. நீ பஸ்ல முன்னாடி போ. நான் இதைச் சரி பண்ணிட்டுப் பின்னாடியே வந்துடறேன்."

மாதேஸ்வரி முகம் வாடவில்லை. "இதை இப்படி விட்டுட்டு வர உங்களுக்கு மனசு வராதுன்னு தெரியும் மாமா. அதான் அண்ணனுக்கு ஒரு போன் போட்டேன்."

தெருமுனையில் ஹாரன் சத்தம். கங்கப்பனின் தக்காளி வேன். ஓசூர் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டுக் காலிக் கூடைகளோடு பாரூர் திரும்புகிற வேன்.

வெளிநாட்டு வண்டியைப் படுக்க வைக்கக் கூடாது என்றான் ஆஞ்சப்பன். நிற்க வைத்தே கட்டுகிறோம் என்றான் டிரைவர். குலுங்கக் கூடாது என்றான். அப்படியானால் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்றான் அவன். வண்டி மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே சமையல்கட்டுக்கு ஓடினான். கேரியர் இருக்கிற இடத்தில் ஆணிதான் இருந்தது. திரும்பி ஓடி வந்தால், வேனின் முன்சீட்டில் மாதேஸ்வரி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கேரியர். புளிச்சோறு வாசம் தெருவுக்கே அடிக்கிறது.

"அந்தக் கேரியரை இப்படிக் குடு, நான் பத்திரமா வச்சிக்கறேன்."

"நீங்க வண்டியைப் பத்திரமாப் பிடிச்சிக்குங்க மாமா. கேரியர் என்கிட்ட பத்திரமா இருக்கு."

ராயக்கோட்டை ரோடு முழுக்க அழுகின தக்காளி வாடையில், இத்தாலி வண்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டே போனான். அடி அடுக்கைத் திறந்திருப்பாளா, மாட்டாளா? உத்தனப்பள்ளி தாண்டும்போது, மேல் மூன்று அடுக்கே இரண்டு பேருக்கு யதேஷ்டம், நாலாவது எதற்கு என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான். செல்போன் அடித்தது. ஜூஜுவாடிக்காரர்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். தக்காளிக் கூடையில் என்றா சொல்வான்? அமுக்கிவிட்டான்.

பாரூரில் பந்தல் போட்ட வாசலில் வேன் நின்றது. சொந்தபந்தம் மொத்தமும் கூடிவிட்டது. கங்கப்பன் பட்டு வேட்டியோடு வந்து பார்த்தான்.

"போன தடவை இழுத்தாந்தோம் மாப்ளே. இந்தத் தடவை தூக்கியாந்தாச்சு. அடுத்த தடவை கொள்ளிச் சட்டி எடுத்துட வேண்டியதுதான்."

சிரிப்பு அடங்க நேரமானது. ஆஞ்சப்பன் பந்தலில் ஓரமாக உட்கார்ந்தான். பசி வேறு. மாதேஸ்வரி கேரியரோடு வந்து எல்லார் முன்னாலும் அடுக்கு அடுக்காகப் பிரித்தாள். மேல் மூன்றும் வழியிலேயே டிரைவரும் அவளும் சாப்பிட்டுக் காலி. கடைசி அடுக்கை மட்டும் திறக்காமல் அவன் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்குன்னே தனியா வச்சது."

திறந்தான். உள்ளே பிளக். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, குங்குமப் பொட்டு வேறு வைத்து.

"மாட்டுங்க மாமா" என்றாள் மாதேஸ்வரி. "பந்திக்குத் தண்ணி கேன் பத்தலையாம். அண்ணன் யாரை அனுப்பறதுன்னு முழிச்சிட்டு நிக்கறாரு."

இத்தாலி வண்டியில் தண்ணி கேன் சுமப்பதா, கிளம்பாமல் போய்விடாதா என்று கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டுதான் உதைத்தான் ஆஞ்சப்பன். வாங்கின நாளிலிருந்து முதல் தடவையாக, இத்தாலி வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது.