குடைக்காரர் நின்ற போட்டோ

எங்கள் ஆரணிப் பக்கத்தில் வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு சோறு தின்ற ஒரே மனுஷர் குடைக்காரர்தான். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரம் சாக்கு விரித்து, கம்பி உடைந்த குடைகளுக்கு உயிர் கொடுப்பார். குடியிருந்தது சேவூரில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்சுவர்க் கொட்டாயில். மழை வந்தால் கூரையிலிருந்து ஏழெட்டுக் குடைகளைத் தலைகீழாகத் தொங்கவிடுவார். நிறைந்ததை எடுத்து வெளியே கொட்டிவிட்டுத் திரும்ப மாட்டுவார்.

"அண்ணா, மழை நின்னுடுச்சா?" என்று கேட்பேன்.

"வெளிய நின்னுடுச்சு தங்கச்சி. உள்ள இன்னும் பேஞ்சுகினு கீது."

குடிசையில் இருப்பவர்களுக்கு அரசாங்கம் வீடு கட்டித் தருகிறது என்று பஞ்சாயத்து ஆபீசில் மனு வாங்கினார்கள். இப்போது குடியிருக்கும் இடத்தின் முன்னால் நின்று எடுத்த போட்டோ ஒன்றும் கேட்டார்கள்.

"கவர்மென்ட்டுக்குப் போற போட்டோ தங்கச்சி. இந்தக் கொட்டாய் முன்னாடி எப்படி நிக்கிறது? மானம் போயிடும்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டுக்காரருடைய கல்யாணப் பட்டு வேட்டியை நானே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மாடி வீட்டு வாசலில் அவரை நிறுத்தி, "கொஞ்சம் சிரிங்கண்ணா" என்று சொல்லி, என் போனில் நானே எடுத்தேன். நெற்றி நிறைய விபூதியோடு மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

மனு தள்ளுபடி. சொந்தமாக மாடி வீடு உள்ளவராம்.

இரண்டு பேரும் ஆபீசுக்கு ஓடினோம். "இவ்ளோ பெரிய வீட்ட வச்சிகினு, பட்டும் கட்டிகினு, குடிசைன்னு எழுதிக் குடுத்தா நாங்க இன்னா சார் பண்றது?" என்றார் கிளார்க்.

நான் அழாத குறை. அவரோ திரும்பி வரும் வழியெல்லாம், "என்னப் போயி சார்னு கூப்டாரு, கவனிச்சியா?" என்று பூரித்துக்கொண்டு வந்தார்.

மறுபடி மனு போட்டோம். நேரில் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். அதற்குள் நம்மாள் கூரை ஓட்டைகளையெல்லாம் பழைய குடைத் துணியால் தைத்து மூடிவிட்டார். கறுப்புத் துணிக்கு நடுவே பூப்போட்ட துணி வேறு. அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

"பெரியவரே, கூரைக்கே குடை பிடிச்சிட்டீங்களே!"

நல்ல மனுஷர். சிரித்தபடியே கொட்டாய் முன்னால் அவரை நிறுத்தி, தானே போட்டோ எடுத்துக்கொண்டார். "அடுத்த லிஸ்ட்ல பேரு வந்துடும்" என்றார்.

லிஸ்டுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. மூன்றாம் நாள் கொட்டாயின் ஒரு சுவர் விழுந்தது. நல்ல வேளை, அவர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார்.

"மாடிப்படிக்குக் கீழ இடம் கீது, வந்துடுங்கண்ணா" என்று கெஞ்சினேன்.

"உன் ஊட்டு முன்னாடி ஒரு தபா நின்னதுக்கே இவ்ளோ பேஜாரு. உள்ள வந்து படுத்தேன்னு தெரிஞ்சா பேரையே அடிச்சிடுவாங்க. வேணாம் தங்கச்சி."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே பயந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் ஈரத்தோடு படுத்திருந்தார். காய்ச்சல் கண்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வேண்டாத சாமி இல்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

அடுத்த மாதம் அதே அதிகாரி உத்தரவுத் தாளோடு வந்தார். "பெரியவர வரச் சொல்லுங்க, எடத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுக்கணும்."

சொன்னேன். போனைப் பைக்குள் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, விழுந்த சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

பட்டு வேட்டிப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை. தினமும் விளக்கேற்றியதும் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டிக்கொண்ட பிறகு, கடைசியாக ஒன்று கேட்கிறேன்: முருகா, எங்கள் அண்ணனுக்கு அங்கே ஒழுகாத இடமாக ஒன்று கொடு. போட்டோ மட்டும் கேட்காதே.