கழுதைக்காக நின்ற ரயில்

அன்று தண்டவாளத்தில் உண்மையிலேயே கழுதை நின்றதா? மகளை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் இருந்த எனக்கு முன்பக்கம் தெரியவில்லை. இன்றுவரை பதில் இல்லை.

மன்னார்த் தீவில் நேரத்தை எங்கள் ஸ்ரேசன் மாஸ்டரளவு மதித்த மனிதர் வேறு எவரும் இல்லை. எங்கள் ஊர் ஸ்ரேசனில் ரிக்கற் கொடுப்பது, கொடி காட்டுவது, கருவாட்டுப் பொதி ஏற்றுவது, நிழலுக்கு ஒதுங்கும் கழுதைகளை மேடையிலிருந்து கலைப்பது எல்லாம் அவர் ஒருவர்தான். ஊர் வைத்த பெயர் நிமிசத்தார். ஸ்ரேசனின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

ரயில் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது கைகளை வாயருகே குவித்து அறிவிப்பார். மேடையில் நான் ஒருத்திதான் நின்றாலும் "பயணிகளின் கவனத்திற்கு" என்றே தொடங்குவார். கழுதைகளும் நிமிர்ந்து பார்க்கும்.

சொந்த மனைவியையே விட்டுவிட்டு ரயிலை அனுப்பியவர். தங்கையின் கலியாணத்துக்குப் புறப்பட்ட அந்த அம்மா கொண்டைக்குப் பூ வைத்து வந்து சேர, கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு மனிசி வேணுமோ, ரயில் வேணுமோ?"

"ரயில் எண்டாலும் நேரத்துக்கு வருது."

ஒரு நிமிடம் பொறுத்தால் என்ன என்று நானும் ஒருமுறை கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சண்டைக் காலத்திலை தண்டவாளத்தையே கழட்டிப்போட்டாங்கள், பிள்ளை. இந்த மேடையிலை பத்தைதான் வளந்து நிண்டது. கனகாலம் நாங்கள் ரயிலுக்குக் காத்திருந்தம். இனி அது எங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது."

அவருக்கு ஒரே ஒரு கவலை. ஜன்னலோரம் நூலில் கட்டித் தொங்கவிட்ட முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒருவரும் எதுவும் எழுதுவதில்லை. "ஒரு குறையாவது எழுதுங்கோவன், ஆக்கள் வந்து போனதுக்கு அடையாளமா இருக்கும்" என்று ரிக்கற்றோடு பேனையையும் நீட்டுவார்.

"இஞ்சை ஒரே ஒரு குறைதான் ஐயா. அது நீங்கள்தான்" என்றார் ஒரு மீன் வியாபாரி.

"அதையே எழுதுங்கோ தம்பி!"

பேனையோடு அவர் துரத்த, வியாபாரி ஓடிப்போய்ப் பெட்டியில் ஏறிவிட்டார்.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். நிறை ஏறவே இல்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் பிள்ளை வைத்தியர் பார்க்கும் நாள் அது. தவறினால் அடுத்த மாதம்தான். பையை மூன்று தரம் சோதித்து, ஒரு மணித்தியாலம் முந்தியே ஸ்ரேசனுக்குப் போய்விட்டேன். ரயிலில் ஏறி இருந்த பிறகுதான் மகளின் நிறையும் மருந்தும் குறித்த கிளினிக் கொப்பி இல்லை என்று தெரிந்தது. இறங்குவதா, கொப்பி இல்லாமலே போய்க் கெஞ்சுவதா? அழுகை வந்தது. ஜன்னலால் பார்த்தால், தூரத்தில் மணல் ரோட்டில் என் மச்சாள் கொப்பியை ஆட்டியபடி சைக்கிள் மிதித்து வருகிறாள்.

நேரமாகிவிட்டது. நிமிசத்தார் என்னைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். சிவப்புக் கொடியை விரித்தார்.

கடைசிப் பெட்டியிலிருந்து ரயில் கார்ட் தலையை நீட்டினார். "என்ன ஐயா?"

"தண்டவாளத்திலை கழுதை!"

"எங்கை? ஒண்டையும் காணேல்லையே."

"இப்ப வரும், பொறுங்கோ."

சொல்லி வாய் மூடவில்லை, முன்பக்கத்தில் எங்கேயோ ஒரு கழுதை கத்தியது. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

மச்சாள் மூச்சிரைக்கக் கொப்பியை ஜன்னலால் தந்தாள். பச்சைக் கொடி எழுந்தது. நாலு நிமிடத் தாமதம், காரணம் கழுதை என்று அவர் பதிவில் எழுதியதை மச்சாள் கண்டாளாம்.

நன்றி சொல்லப் போனேன். "எனக்கு ஒண்டும் தெரியாது. கழுதைக்குச் சொல்லுங்கோ பிள்ளை."

மகளுக்கு இப்போது மூன்று வயது. மேடையில் கழுதை கலைப்பதில் அவருக்கு உதவியாள்.

இந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். புத்தகம் இன்னும் வெறுமையாகவே தொங்குகிறது. நடந்ததை எழுதினால் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். எழுதாவிட்டால் ஒரு வரிகூட இல்லாமல் போய்விடுவார். பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள். "கழுதைக்கு நன்றி" என்று மட்டும் எழுதினால் அவருக்கு விளங்கும்தானே?