படகுத் துப்பாக்கிச் சங்கத்தின் பெருந்தன்மை

மனித குலம் இதுவரை எட்டிய சிகரங்களிலேயே உயரமானது எதுவென்றால், இருபதடிப் படகொன்றில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒன்பதடித் துப்பாக்கியால் வாத்துகள் இருக்கும் திசையைச் சுட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவதுதான். இந்தச் சாதனைக்கென்றே எஸ்ஸெக்ஸ் கரையோரத்தில் ஒரு சங்கம் இருக்கிறது: சாலோஃப்ளீட் படகுத் துப்பாக்கிச் சங்கம். அதன் தலையாய பெருமை அதன் குறி அல்ல. குறியைப் பற்றி வாத்துகளுக்கே எந்தப் புகாரும் கிடையாது. தலையாய பெருமை அதன் பண்பு. ஒருவர் மனம் நோகும்படி அங்கே யாரும், எந்தக் காலத்திலும், எதையும் நேராகச் சொன்னதில்லை.

இப்பேர்ப்பட்ட சங்கத்தின் தலைவரைத்தான் சிரில் பட்னி ஒரு நவம்பர் விடியலில் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. சிரில், புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, கொட்டகைக்குள் லேத். லேத் வைத்திருக்கும் மனிதனுக்கு ஓய்வையும் கொடுத்தால் என்ன ஆகும்? துப்பாக்கி ஆயிற்று. குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் ஈயமில்லாத ரவையையும் இடித்து நிரப்புகிற பழைய ரகம். குழலின் துளை இவ்வளவுக்கு மேல் அகலக் கூடாது என்று சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. சிரில் சட்டத்தை மீறுகிறவர் அல்ல. அதன் வேலிமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறவர். எல்லைக்கு ஒரு தலைமுடி குறைவாகத் துளை போட்டிருந்தார்.

இந்த ரகத்தைத் தோளில் வைத்துச் சுட முடியாது. தோள் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். படகின் முன்பாதியில் கிடத்தி, உதைப்பைத் தாங்கும்படி ஒரு தடித்த வடத்தால் படகின் மூக்கோடு பிணைத்துவிட வேண்டும். அப்புறம் துப்பாக்கி திரும்பாது. படகையே திருப்பித்தான் குறி பார்க்க வேண்டும். ஆகையால் துப்பாக்கியைச் செய்து, அதன் எடைக்கும் உதைப்புக்கும் தக்கபடி படகைக் கட்டுவதுதான் முறை. சிரில் முறையின் முதல் பாதியை முடித்ததும் பொறுமை தீர்ந்துபோய், பழைய சின்னப் படகிலேயே புதிய துப்பாக்கியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எதிரே ஒரு கூட்டம் காட்டு வாத்து. நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டே பிறக்கிற இனம். சங்கத்துக்கும் வருடா வருடம் அதையேதான் போட்டுவிட்டுப் போகும். சிரில் விசைக் கயிற்றை இழுத்தார். வாத்துகள் மேலே போயின. ரவை கீழே போயிற்று. படகு பின்னால் போயிற்று.

பின்னால் தலைவர் எட்கர் மஸ்ஸெட் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட நிறையவே பின்தங்கி, மெதுவாகத்தான் வந்தார். ஆனால் தலைமை என்பது பின்னாலிருந்து நடத்துவதாயிற்றே, யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. சிரில் படகின் வால் தலைவர் படகின் மூக்கைத் தொட்டது. பெரிய சத்தம் இல்லை, அடுத்த வீட்டில் யாரோ கதவைத் தட்டியதைப் போல. உடனே தலைவரின் படகு, துப்பாக்கியோடு, மிகுந்த நிதானத்துடன் கீழே போயிற்று. புகை விலகியபோது எட்கர் இடுப்பளவு நீரில், முழங்காலளவு சேற்றில், தொப்பி நனையாமல் நின்றார்.

"பரவாயில்லை, சிரில்" என்றார்.

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் நாலு கெட்ட வார்த்தை விழுந்திருக்கும், விஷயமும் அன்றைக்கே முடிந்திருக்கும். சாலோஃப்ளீட்டில் 'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பரவாயில்லை என்பதில் தொடங்கி, செத்தாலும் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்பது வரை எல்லாப் பொருளும் உண்டு. எது எப்போது என்பதைக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. குரலை மாற்றுவது அங்கே பண்பாடில்லை.

சிரில் வீட்டுக்கு வந்து மனைவி டோரீனிடம் நடந்ததைச் சொன்னார். முப்பது வருடச் சிநேகிதம், ஒரே ஒரு 'பரவாயில்லை', அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். டோரீன் லண்டன் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கேள்விக்குப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் அவளை இன்னும் விடவில்லை. அந்த ஆளையே போய்க் கேள் என்றாள்.

போனார். எட்கர் தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், தன் தோட்டத்துப் பூசணி இந்த வருடம் சோபிக்கவில்லை என்று விளக்கமாகச் சொன்னார். துப்பாக்கியை மட்டும் தண்ணீர் வற்றியதும் சேற்றிலிருந்து எடுத்தாயிற்றாம், படகு தேறவில்லையாம். உப்புத் தண்ணீர் இரும்பை அப்படியொன்றும் பண்ணிவிடாது என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், கேள்விப்பட்டதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை என்றும் சொன்னார். கோபமா என்று சிரில் கேட்டதற்கு, கோபமா, எதற்கு என்று வியந்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். அங்கே அவர் படகை ஏற்றி வைக்கும் இரண்டு மரத்தாங்கிகள் காலியாக நின்றன. நெடுநேரம் பார்த்தார். அப்புறம் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சங்கத்தின் குளிர்காலக் கூட்டம் மதுக்கடையின் பின்னறையில் கூடியது. 'நவம்பர் நிகழ்வு' என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருள், வாத்துச் சூப்பு வைக்க வாத்து வாங்குவது எங்கே என்ற பொருளுக்கு அடுத்தபடியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. செயலாளர் ஹோரஸ் எழுந்து, யார்மீதும் எந்தக் குற்றமும் இல்லை என்றும், அந்தக் குற்றத்தைச் செய்தவர் அதைப் பற்றி வருந்த வேண்டியதில்லை என்றும் ஒரு தீர்மானம் படித்தார். ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் எழுந்தார். தமக்கு எந்த ஈடும் வேண்டாம் என்றார். பிற்பாடு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தமக்கு எந்த ஈடும் வேண்டவே வேண்டாம் என்றார். மிச்சக் குளிர்காலத்தைக் கரையில் நின்று மற்றவர்கள் படகுக்குக் கையசைத்துக் கழிப்பதிலும் ஒரு நிறைவு இருக்கிறது என்றார். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் பீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். சிரில் மட்டும் கைக்குட்டையை எடுத்தார்.

மறுநாள் காலையிலேயே கொட்டகையில் புதிய படகுக்குப் பலகை போட்டுவிட்டார். அதோடு, உப்புத் தண்ணீரைப் பற்றித் தலைவர் கேள்விப்பட்டது சரியில்லை என்பது சிரிலுக்கே தெரியுமாதலால், புதிய துப்பாக்கி ஒன்றும். இந்தத் தடவை முறைப்படி, குழல் முன்னால், படகு பின்னால்.

எட்கர் அவ்வப்போது அந்தப் பக்கமாக 'நடக்க' வந்தார். அவர் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் சிரிலின் கொட்டகை கிடையாது. என்றாலும் நடை நல்லதுதானே. கதவருகில் நிற்பார். தனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பார். அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் படகு கொஞ்சம் நீண்டது. சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஆனால் பனிக்கட்டி உரசினால் மூக்கில் பித்தளைத் தகடு இருப்பது நல்லது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். ஒன்றுமில்லை, சில படகுகளில் முழங்கைக்கு அடியில் மெத்தை பார்த்த ஞாபகம். ஒன்றுமே இல்லை, சாம்பல் நிறத்தில் இன்னும் ஒரு சொட்டுப் பச்சை கலந்தால் விடியற்காலைத் தண்ணீர் மாதிரியே இருக்கும், ஆனால் எனக்கென்ன தெரியும். சிரில் ஒவ்வொன்றையும் செய்தார். செய்துவிட்டு, நம்மிடையே எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது என்றார் எட்கர்.

துப்பாக்கியின் அடிக்கட்டைக்கு வால்நட் மரம் தேவைப்பட்டது. டோரீனின் அத்தை விட்டுப்போன அலமாரி வால்நட். டோரீன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அலமாரிக்கு ஒரு பக்கம் இல்லை. பீங்கான் தட்டுகள் கட்டில்மேல் அடுக்கிக் கிடந்தன.

"ஏன் சிரில், ஒருத்தன் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டு மூக்குக்குப் பித்தளை கேப்பானா?"

"கேக்கல டோரீன். ஞாபகப்படுத்தினாரு."

"எங்க அத்தை அலமாரியையும் அவருதான் ஞாபகப்படுத்தினாரா?"

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரில் முழு சாலோஃப்ளீட்காரராக நடந்துகொண்டார். காற்றைப் பற்றிச் சொன்னார்.

குழலைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே அளவுக்கு மீறி மருந்து கெட்டித்து, ஆளெல்லாம் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வெடிக்கவைப்பார்கள். குழல் பிழைத்தால் முத்திரை. பிழைத்து வந்தது. சிரில் அந்த முத்திரையைத் தடவிப் பார்த்தார். நேரடியாக ஒரு கேள்வி கேட்டு நேரடியாக ஒரு பதில் வாங்கிய அந்த இரும்பின்மேல் அவருக்கு லேசாகப் பொறாமை வந்தது.

படகில் ஒரே ஒரு விஷயம் மட்டும் எட்கர் ஞாபகப்படுத்தாதது. சிரில் அதை இரண்டு ஆளுக்கான படகாகக் கட்டியிருந்தார். முன்னால் சுடுகிறவர், அவர் கால்மாட்டில் துடுப்பு போடுகிறவர். இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. எட்கர் அந்தப் பின்னிடத்துக்கு ஹோரஸைக் கூப்பிட்டால் 'பரவாயில்லை'க்கு ஒரு பொருள். சிரிலைக் கூப்பிட்டால் வேறு பொருள். பல வாரமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. டோரீனுக்கு இதைச் சொல்லாமலே தெரிந்திருந்தது. அதனால்தான் மிச்ச அலமாரியைப் பற்றி அவள் பேச்சை எடுக்கவில்லை.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, பொழுது புலரும் நேரம், படகை நீரில் இறக்கத் தயாரானார்கள். சங்கமே கரைக்கு வந்திருந்தது. எல்லாரும் படகைச் சுற்றிச் சுற்றி வந்து, மோசமில்லை என்றார்கள். அந்த ஊரில் மனிதனுக்கு அதற்குமேல் புகழ் கிடைக்க வழியில்லை. ஹோரஸ் இரண்டு தடவை குனிந்து அடிப்பலகையின் இணைப்புகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, சிரிலைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தார்.

படகு நீரில் இறங்கியதும் எட்கர் முன்னிடத்தில் படுத்தார். முழங்கை மெத்தையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். பின்னால் திரும்பாமலே சொன்னார்.

"ரெண்டு பேருக்கு இடம் இருக்குபோல."

"இருக்கு, தலைவரே."

"துடுப்பு தானா நடக்காது."

சிரில் ஏறிப் படுத்தார். கண்ணில் நீர் கட்டியது; காற்று வடகிழக்கு.

சேற்றுத் திட்டுகளுக்கு நடுவே படகு சத்தமில்லாமல் ஊர்ந்தது. தூரத்தில், வெளுக்கத் தொடங்கிய நீரில், ஒரு கறுப்புக் கோடு மிதந்தது. வாத்துகள். சங்கம் தோன்றிய நாளிலிருந்து யாருக்கும் கிடைக்காத கூட்டம். இந்த நேரத்தில் இருமக்கூடக் கூடாது. ஆனால் சிரிலின் மூக்குக்கு நேராக எட்கரின் ரப்பர் பூட்ஸுகளின் அடிப்பாகம் இரண்டு இருந்தன. முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததைப் பூட்ஸைப் பார்த்துக் கேட்கலாம் என்று அவருக்குத் திடீரென்று பட்டது.

"தலைவரே."

"உஷ்."

"ஒரே வார்த்தை. உங்க படகை நான் மூழ்கடிச்சேனே, அதுக்காக என்மேல மனசுல ஏதாச்சும் இருக்கா? உள்ளதைச் சொல்லுங்க. பரவாயில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க."

வலது பூட்ஸ் கொஞ்சம் அசைந்தது. வாத்துகள் கழுத்தைத் தூக்கின. பக்கத்தில் எங்கோ சேறு 'களுக்' என்றது. எட்கர் விசைக் கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

"நீ மூழ்கடிக்கல, சிரில்."

"இடிச்சேனே."

"இடிச்சே. அதுக்கு முன்னாலயே எனக்குத் தொப்புள் வரைக்கும் தண்ணி. கரையை விட்டதுலேருந்தே ஒழுகிச்சு. நீ அன்னைக்கு என் பக்கம் வரலேன்னாலும் அது அஞ்சு நிமிஷத்துல போயிருக்கும்."

வாத்துகள் எழுந்தன. நீரெல்லாம் சிறகுச் சத்தம். இருவரும் தலையைத் தூக்கவில்லை. சத்தம் கடல் பக்கமாகப் போய் ஓயும்வரை சிரில் காத்திருந்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"அந்தத் தீர்மானம்..."

"ஹோரஸ் ரெண்டு நாள் உக்காந்து எழுதினான்."

"இத்தனை நாள் ஏன் தலைவரே சொல்லல? நான் ராத்திரி தூங்கல. டோரீனோட அலமாரி போச்சு."

"எனக்குப் படகு கட்ட வராது, சிரில். உன்னைக் கேக்கலாம்னு மூணு வருஷமா நினைக்கிறேன், வாய் வரல. நீயா வந்து இடிச்சே. உண்மையைச் சொன்னா நீ பாதியில நிறுத்திடுவியோன்னு பயம்." பூட்ஸுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. "பொல்லாத வேலைதான் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ. படகு அற்புதமா இருக்கு."

அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் வாயிலிருந்து 'அற்புதம்' என்ற சொல்லைச் சிரில் அதுவரை கேட்டதில்லை. திட்ட வேண்டும் என்று திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னும் ஒண்ணு" என்றார் எட்கர். "நேராச் சொல்லிப் பழகிட்டேன், இதையும் சொல்லிடறேன். ஹோரஸ் படகும் அடியில விட்டுப்போச்சு. அடுத்த குளிருக்கு அதை இடிக்க உனக்கு எந்தக் கிழமை தோதுப்படும்னு கேட்டுட்டு வரச் சொன்னான்."