கல்யாண மண்டபத்தைக் காத்த ரிலே

மின்பொறியியல் படித்தவரிடம் கல்யாண வீட்டில் எந்த வேலையையும் ஒப்படைக்கலாம். வாழையிலை வாங்கச் சொல்லலாம். பந்தியைக் கவனிக்கச் சொல்லலாம். மின்சாரத்தின் பக்கம் மட்டும் விடக் கூடாது. இவ்வுண்மையைச் சிதம்பரத்தில், என் ஒரே மகளின் திருமணத்தில், உறவினர் அனைவரையும் கூட்டி வைத்து நிரூபித்தவன் நான்.

நிச்சயதார்த்தமும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. அன்று மூன்று ஃபேஸில் ஒன்று போய், ஏசி மோட்டார் கருகிவிட்டது. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கும் சம்பந்தி, தாம்பூலப் பையால் விசிறிக்கொண்டே, "பொண்ணு வூட்டுல எஞ்சினீயர்னு சொன்னாங்க" என்றார், பொதுவாக. அந்தப் பொதுவில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கல்யாணத்தன்று அவர் முன் தலைநிமிர்ந்து நிற்பது என்று தீர்மானித்தேன். மண்டபத்துக்காரரின் சம்மதத்தோடு ஒரு ரிலே பொருத்தினேன். மூன்று ஃபேஸ்களையும் கண்காணிக்கும் சிறு கருவி அது. ஒன்று போனாலும், ஒன்றுக்கொன்று மின்னழுத்த வேறுபாடு மிகுந்தாலும், அவற்றின் வரிசை மாறினாலும், உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மோட்டார்களுக்கு மட்டும் பொருத்துவதே நடைமுறை. நான் மண்டபம் முழுமைக்கும் பொருத்தினேன். (அரைகுறை வேலை நமக்கு ஆகாது.) வேறுபாட்டின் வரம்பையும் மிகக் கண்டிப்பாக வைத்தேன். ரிலே இருந்த சுவர்ப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பட்டு வேட்டியின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டேன்.

முகூர்த்தம் காலையில்தான். ஆனால் ஜன்னல்களையெல்லாம் அலங்காரத் துணியால் மூடியிருந்தார்கள். சீரியல் செட்டு, பூ வளைவு, மேடை விளக்கு அத்தனையையும் அலங்காரக்காரர், அவர்கள் குல வழக்கப்படி, கைக்கெட்டிய ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தார். சமையற்கட்டுக் கிரைண்டரும் அதிலேயே சேர்ந்துகொள்ள, அந்த ஃபேஸ் தள்ளாடியது. ரிலே கடமையைச் செய்தது. மண்டபம் இருண்டது.

ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதில் ஃபேஸ் வரிசை மாறியிருந்தது. ரிலே அதையும் ஏற்க மறுத்தது. கூட்டம் வியர்த்துக்கொண்டிருக்க, எனக்கோ அந்தப் பெட்டியின்மீது ஒரு தகப்பனுக்குரிய பெருமிதம் பொங்கியது. (தகப்பன் நிற்க வேண்டிய இடம் மேடை என்பது நினைவுக்கு வரவில்லை.)

மண்டபத்து எலக்ட்ரீஷியன் சாவியைக் கேட்டார். நேரடியாக இணைப்புக் கொடுத்துவிடலாம் என்றார். மோட்டார்ச் சுருள் எவ்வாறு சூடாகிறது என்பதிலிருந்து அவருக்கு விளக்கத் தொடங்கினேன். பாதியில் சம்பந்தி வந்தார்.

"சம்பந்தி, என் மில்லுலயும் இது இருக்கு. மோட்டாருக்குத்தான் மாட்டியிருக்கேன், பொண்ணு மாப்பிள்ளைக்கு இல்ல."

அவர் மில்லின் அமைப்பிலுள்ள குறைகளை எடுத்துரைக்க வாய் திறந்தேன். அதற்குள் என் மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏங்க, நல்ல நேரம் போவுது. வந்தவுங்க யாரும் இன்னும் கருகல. உங்க டப்பாவ கரண்ட் வுடச் சொல்லிட்டு மேடைக்கு வாங்க."

கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, பெட்டியைத் திறந்து, அதன் சிவப்பு விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அப்போது முதுகுக்குப் பின்னால் கெட்டிமேளம் முழங்கியது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஃபேஸ் எதுவும் தேவையில்லை என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. திரும்புவதற்குள், செல்போன் வெளிச்சத்தில், மூன்று முடிச்சும் வரிசை மாறாமல் விழுந்துவிட்டன.

கல்யாண வீடியோவில் அந்தக் காட்சி உள்ளது. மணமக்கள்மீது அட்சதை விழுகிறது. ஓரத்தில், சபைக்கு முதுகு காட்டியபடி, ஒரு பட்டு வேட்டி சுவரைப் பார்த்து விரலை ஆட்டுகிறது. மாப்பிள்ளை அங்கே தவறாமல் நிறுத்தி, "மாமா, நீங்க வந்துட்டீங்க" என்பார், மிகுந்த மரியாதையோடு.

கரண்ட் போனால் மற்ற வீடுகளில் டார்ச் தேடுவார்கள். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில், மகள் வந்திருந்தால், உள்ளிருந்து "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுக்கிறாள்; மனைவி தட்டை எடுத்துத் தவில் வாசிக்கிறாள். போர்டின் அருகே செல்ல எனக்கு அனுமதியில்லை. நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் யாரும் பேசுவதில்லை. அன்று ஒரு மோட்டார்கூடக் கருகவில்லை.