இரண்டு பெட்டிக் கிட்டார்

தீபாவளிக் கச்சேரியில் பதுளையையே அசத்திவிடுவது என்று சிவஞானம் தீர்மானித்துவிட்டான். எழுபத்தாறாம் வருஷம் அது. பஜாரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை அவனுடையது. கல்யாணம், காதுகுத்து, தேர்தல் எல்லாவற்றுக்கும் அவன் பெட்டிகள்தான் கத்தின. இந்த முறை அவனே கத்தப்போகிறான். கையில் எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. மற்றவர்கள் அதை ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் வாசிப்பார்கள். அவன் இரண்டில் வாசிப்பான்.

கிட்டாரிலிருந்து வரும் வயரை வெட்டி, இரண்டு கிளையாகப் பிரித்து, ஈயம் வைத்து ஒட்டினான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கிளை கொடுத்து, முன்னறையில் உட்கார்ந்து ஒரே ஒரு தட்டுத் தட்டினான். அலமாரியில் டம்ளர்கள் உருண்டன. தொட்டிலில் பிள்ளை வீறிட்டது.

மனைவி மாரியாயி அடுப்படியிலிருந்து வந்தாள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். சத்தம் போட்டுப் பேசமாட்டாள்.

"கொஞ்சம் அடக்கி வாசிங்க."

"அடக்கி வாசிக்க ரெண்டு பொட்டி எதுக்குடி? மண்டபத்துல வலப்பக்கமும் எடப்பக்கமும் ஒரே நேரத்துல அடிக்கணும்."

மாரியாயி பெட்டிகளைப் பார்த்தாள். "ஒட்டி வச்சா எப்படிங்க ரெண்டு பக்கம் ஆகும்? தள்ளி வச்சுல்ல பழகணும்."

"எங்க தள்றது? வீடே ரெண்டு ரூமு."

"தெரு இருக்குல்ல. மேல பலீல் நானா கடையில ஒண்ணு. கீழ பொன்னையா அண்ணன் சலூன்ல ஒண்ணு. நானே கேட்டுட்டு வர்றேன்."

சிவஞானத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னோடு குடித்தனம் பண்ணியதில் அவளுக்கும் கொஞ்சம் கரண்டு பாய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாளே கூரைகளுக்கு மேலாக வயர் இழுத்தான். இரண்டு கடையிலும் பெட்டியை வைத்து, சத்தத்தைத் தாராளமாகத் திருகிவிட்டு வந்தான். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வாசித்தான். கம்பி 'டிக் டிக்' என்றது. தகரக் கூரையில் மழை கொட்டியது. வேறொன்றும் கேட்கவில்லை.

"எனக்கே கேக்கலியே, மாரி."

"கொழுந்து எடுக்கிறவளுக்கா நல்ல தேயிலை குடுக்கிறாங்க? இருங்க, பார்த்துட்டு வர்றேன்."

குடையோடு தெருவில் மேலும் கீழும் நடந்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்குங்க. துளி வித்தியாசமில்ல."

அந்த வாரம் முழுக்க மழை விடவில்லை; அவனும் உயிரைக் கொடுத்து வாசித்தான். விரல் நுனியில் தோல் உரிந்தது. சனிக்கிழமை, ரசிகர்கள் முகத்தைப் பார்க்கும் ஆசையில் பலீல் கடைக்கு ஏறிப் போனான்.

"நானா, வாசிப்பு எப்படி இருக்கு?"

பலீல் தராசில் பருப்பைப் போட்டுக்கொண்டே, "என்ன வாசிப்பு?" என்றார்.

பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தது. சத்தத் திருகு பூஜ்யத்தில் நின்றது.

"லைட்டு எரியட்டும், சத்தம் மட்டும் வாணாம்னு ஒங்கட வீட்டுக்காரம்மா முதல் நாளே வந்து செல்லிட்டாங்களே. நீங்கதான் செல்லி அனுப்பினீங்கன்னு நெனச்சேன்."

சிவஞானம் சலூனுக்கு இறங்கிப் போனான். அங்கேயும் சிவப்பு லைட். சூடாக இருக்கிறதென்று பொன்னையா பெட்டியின் மேல் துண்டு காயப்போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தான். கிட்டாரைச் சுவரில் சாத்தினான்.

மாரியாயி தொட்டிலை ஆட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? இந்த வாரந்தான் நல்லா வாசிச்சீங்க."